குழந்தைக்கு ஆர்கானிக் பருத்தி உடை: எதைப் பார்த்து எடுப்பது?

ஒரு சட்டையின் பருத்தி ஆர்கானிக்கா இல்லையா என்பது வயலிலேயே முடிவாகிவிடுகிறது. மரபணு மாற்றாத விதை, செயற்கைப் பூச்சிக்கொல்லியும் ரசாயன உரமும் படாத மண், அந்த மண் பழைய நிலையிலிருந்து மீள இரண்டு மூன்று ஆண்டுக் காத்திருப்பு, இவை கூடிவந்தால் பஞ்சு ஆர்கானிக். பிறகு அது நூலாகிறது, பின்னப்படுகிறது, காஸ்டிக் சோடா போன்ற காரத்தில் வேகிறது, வெளுக்கப்படுகிறது, சாயம் ஏறுகிறது, மேலே பிரின்ட் விழுகிறது, கடைசியில் தொட்டால் வழுக்கும்படி ஒரு மென்மைப் பூச்சும் வாங்கிக்கொண்டு கடைக்கு வருகிறது. குழந்தையின் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடியவை பெரும்பாலும் இந்தப் பிற்பாதியில் சேருபவைதான்.

வயலில் அடித்த மருந்தின் மிச்சம், துணியைக் காரம் போட்டு வேகவைத்து அலசும்போதே ஏறக்குறைய போய்விடும். ஆகவே ஆர்கானிக் பருத்தியால் முதலில் பிழைப்பது மண்ணும் நீரும் மருந்தடிக்கும் மனிதர்களும். வாங்குவதற்கு அந்த ஒரு காரணமே போதும். குழந்தையின் தோலுக்கும் பலன் கிடைக்க வேண்டுமென்றால், பஞ்சோடு நின்றுவிடாமல் சாயப்பட்டறையையும் சோதிக்கிற முத்திரையாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

முத்திரையைப் படிக்கும் விதம்

தொட்டுப் பார்த்தோ முகர்ந்து பார்த்தோ ஆர்கானிக் பருத்தியைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகத்திலும் மரபணு மாற்றிய பருத்தி கலந்திருக்கிறதா என்று சோதிக்கலாமே தவிர, சாதாரண விதையை மருந்தடித்து வளர்த்த பருத்தியைப் பிரித்துக் காட்ட முடியாது. வயலிலிருந்து தையல் கூடம்வரை கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் எழுதப்படும் சான்றுதான் ஆதாரம். அதனால்தான் முத்திரைக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

மூன்று முத்திரைகளை வேறுபடுத்தத் தெரிந்தால் போதும். முதலாவது, துறையில் ‘காட்ஸ்’ என்று சொல்லும் குளோபல் ஆர்கானிக் டெக்ஸ்டைல் ஸ்டாண்டர்டு. இது பஞ்சையும் பார்க்கும், பட்டறையையும் பார்க்கும். குளோரின் வெளுப்பு, சுருக்கம் விழாத பூச்சில் வரும் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம், பி.வி.சி. பிரின்ட், புற்றுநோய் உண்டாக்கும் அமின்களை வெளியிடும் ஏசோ சாயங்கள் எதற்கும் இதில் இடமில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும், தொழிலாளர் நிலைமைக்கும் விதிகள் உண்டு. இதில் இரண்டு படி இருக்கிறது. ‘ஆர்கானிக்’ என்று மட்டும் போட்டிருந்தால் குறைந்தது 95% ஆர்கானிக் இழை. ‘ஆர்கானிக் கொண்டு தயாரித்தது’ என்றால் குறைந்தது 70%. ஆர்கானிக் பருத்தியோடு சாதாரணப் பருத்தியைக் கலப்பதற்கு இரண்டு படியிலும் அனுமதி கிடையாது.

இரண்டாவது, டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் அமைப்பின் ஆர்கானிக் கன்டென்ட் ஸ்டாண்டர்டு, அதாவது ஓ.சி.எஸ். இதில் ‘100’ என்று இருந்தால் 95 சதவீதத்துக்குக் குறையாமல் ஆர்கானிக் இழை. ‘பிளென்டட்’ என்று இருந்தால் 5% இருந்தாலும் முத்திரை கிடைத்துவிடும். எந்தச் சாயம், என்ன பூச்சு என்பதை இது கேட்பதே இல்லை. குழந்தை உடையில் இந்த ஒரு முத்திரையை மட்டும் நம்பி எடுப்பதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம்.

மூன்றாவது ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100. இது நேர் எதிர்: பஞ்சு எங்கே விளைந்தது என்று கேட்காது, முடிந்த உடையில் தீங்கான ரசாயனம் மிஞ்சியிருக்கிறதா என்று பட்டன், நூல் உட்படச் சோதிக்கும். இதில் பொருள்வகுப்பு 1 என்பது 3 வயதுவரை உள்ள குழந்தைகளுக்கானது. தோலில் படும் பெரியவர் உடைக்குக் கிலோவுக்கு 75 மில்லிகிராம்வரை ஃபார்மால்டிஹைடு இருக்கலாம், வகுப்பு 1-இல் 16-ஐ எட்டக்கூடாது. துணியின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 4.0 முதல் 7.5-க்குள் நிற்க வேண்டும். எச்சில் பட்டால் சாயம் கரைகிறதா என்பதையும் பார்ப்பார்கள். காலரைச் சப்பாத குழந்தை ஏது? அதனால் இந்தச் சோதனைக்கு மதிப்பு அதிகம்.

காட்ஸ் இருந்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் ஓ.சி.எஸ். 100-ம் ஓகோ-டெக்ஸ் வகுப்பு 1-ம் சேர்ந்து இருப்பதை எடுங்கள். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், கைக்குழந்தைக்கு ஓகோ-டெக்ஸ் வகுப்பு 1.

முத்திரை உண்மையா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். சரியான காட்ஸ் சீட்டில் சின்னம், படி, சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயர், உரிம எண் நான்கும் இருக்கும். வெறும் பச்சைச் சின்னம் மட்டும் அச்சாகியிருந்தால் சந்தேகப்படுங்கள். உரிம எண்ணை காட்ஸ் இணையதளத்தின் தேடலில் போட்டால் நிறுவனத்தின் பெயரும் எந்தெந்தப் பொருளுக்குச் சான்று என்பதும் வரும். ஓகோ-டெக்ஸ் எண்ணுக்கும் அவர்கள் தளத்திலேயே தேடும் வசதி உண்டு. அந்தச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் தேதியையும், வகுப்பு 1 என்று வருகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ‘காட்ஸ் சான்று பெற்ற பருத்தியில் செய்தது’ என்று விளம்பரத்தில் இருக்கும், உடையில் சீட்டு இருக்காது. நூல் சான்றோடு வந்திருக்கலாம், அதன் பிறகு சான்றில்லாத பட்டறையில் சாயம் ஏறியிருந்தால் சங்கிலி அறுந்துவிட்டது. முடிந்த உடைக்குச் சான்று உண்டா என்று கேளுங்கள். ‘இயற்கையானது’, ‘தூய பருத்தி’, ‘ஈகோ’ போன்ற சொற்களை யாரும் சோதிப்பதில்லை. மூங்கில் துணி என்று விற்பதும் பெரும்பாலும் மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழுத்த விஸ்கோஸ்தான்.

துணியைக் கையில் எடுத்தால்

குழந்தை உடைக்கு அதிகம் வருவது பின்னல் துணி. சிங்கிள் ஜெர்சி மெல்லியது, வெயிலுக்கு ஏற்றது, வெட்டிய விளிம்பு சுருண்டுகொள்ளும். இன்டர்லாக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், சுருளாது, உருக்குலையாது. புதிதாகப் பிறந்த குழந்தைக்கு முதல் தேர்வு இதுதான். ரிப் நன்றாக இழுபடும் என்பதால் கழுத்துப்பட்டிக்கும் மணிக்கட்டுக்கும் பொருந்தும். நெய்த துணியில் இரட்டை அடுக்கு மஸ்லின் காற்றோட்டமானது, ஆனால் இழுபடாது. அதில் தைத்த உடையைக் கொஞ்சம் தளர்வாகவே எடுக்க வேண்டும்.

கனத்தை ஜி.எஸ்.எம். கணக்கில் சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று அர்த்தம். வெயில் காலத்துக்கு 140 முதல் 180 வரையிலான ஜெர்சி. ஆண்டு முழுவதும் போட 180 முதல் 220 வரையிலான இன்டர்லாக். குளிருக்கு 240-க்கு மேல். 130-க்குக் கீழே போன ஜெர்சி ஆரம்பத்தில் பட்டுப்போல் இருக்கும், சில சலவையிலேயே தையல் ஓரத்தில் ஓட்டை விழ ஆரம்பிக்கும். எண் போடவில்லை என்றால் உடையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பின்னல் ஒரே சீராகத் தெரிய வேண்டும். தடித்தும் மெலிந்தும் கோடு கோடாகத் தெரிந்தால் நூல் தரம் குறைவு. நீளமான இழையைச் சீவி நூற்ற ‘கோம்டு’ நூலாக இருந்தால் மேலே பஞ்சு உருண்டை திரள்வது குறையும்.

இனி இரண்டு சின்னச் சோதனை. கழுத்துப்பட்டியை இரண்டு கையாலும் பிடித்து நன்றாக அகலமாக இழுத்து விடுங்கள். உடனே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். அலை அலையாக நின்றுவிட்டால், பத்துத் தடவை குழந்தையின் தலைக்கு மேல் மாட்டிக் கழற்றியதும் தோள் வெளியே தெரியும். கழுத்து ரிப்பில் 5% எலாஸ்டேன், அதாவது இழுபடும் செயற்கை இழை, இருப்பது இதற்காகத்தான். அதைக் குறையாக நினைக்க வேண்டாம், காட்ஸ் விதியும் அந்த அளவுக்கு இடம் தருகிறது.

அடுத்து, சட்டையை மேசையில் தட்டையாக விரித்துப் பக்கத் தையலைப் பாருங்கள். அக்குளிலிருந்து கீழ் விளிம்புவரை நேராக இறங்க வேண்டும். தையல் முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ சாய்ந்து ஓடினால் துணி முறுக்கிக்கொண்டிருக்கிறது. சிங்கிள் ஜெர்சிக்கே உரிய கோளாறு இது. நூலின் முறுக்கைத் தணிக்காமல் அவசரமாகத் தைத்ததால் வருகிறது, சலவைக்குச் சலவை கூடுமே தவிரக் குறையாது.

சாயம், பிரின்ட், வாசனை

கைக்குழந்தைக்கு வெளுக்காத, சாயமேற்றாத பருத்தியே மேல். மங்கலான பால் நிறத்தில், அங்கங்கே பழுப்புப் புள்ளியோடு இருக்கும். அந்தப் புள்ளிகள் விதையின் தோல் துகள், அழுக்கு இல்லை. வெளுத்தது வேண்டுமென்றால் ஆக்சிஜன் வெளுப்பு, அதாவது பெராக்சைடில் வெளுத்ததா என்று கேளுங்கள்.

சாயமேற்றியது என்றால் வெளிர் நிறம் நல்லது. கருநீலம், கருஞ்சிவப்பு, கறுப்பு மூன்றிலும் சாயத்தின் அளவு அதிகம், ஒட்டாமல் மேலே தங்குவதும் அதிகம். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, உடையின் உட்புறத்தில் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். லேசான நிழல்போல் வந்தால் ஒரு சலவையில் சரியாகும். தெளிவாக நிறம் ஏறினால் வேண்டாம். ‘இயற்கைச் சாயம்’ என்று எழுதியிருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. சாயத்தைத் துணியில் பிடித்துவைக்க உலோக உப்பு சேர்ப்பார்கள். படிகாரம் என்றால் கவலையில்லை, செம்பு, குரோமியம் உப்புகள் வேண்டாம். என்ன சேர்த்தார்கள் என்று விற்பவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் சாயமேற்றாததையே எடுத்துவிடுங்கள்.

மார்பில் பெரிய பொம்மைப் படம் போட்ட சட்டையில் பிரின்டைத் தடவிப் பாருங்கள். ரப்பர் தகடு ஒட்டியதுபோல் இருந்தால் அது பிளாஸ்டிசால், பி.வி.சி. வகை. காற்று புகாது, அடியில் வேர்க்கும், நாளடைவில் வெடித்து உதிரும். உதிர்ந்தது வாய்க்குப் போகும். நீர் அடிப்படையிலான பிரின்ட் துணியோடு துணியாக இருக்கும், விரலுக்குத் தனியாகத் தட்டுப்படாது. எம்பிராய்டரி இருந்தால் உட்புறத்தைத் திருப்புங்கள். சொரசொரப்பான தாளும் முடிச்சும் நேராகத் தோலில் படக்கூடாது, மேலே மெல்லிய துணி வைத்து மூடியிருக்க வேண்டும்.

பொதியைப் பிரித்ததும் வாசனை பிடியுங்கள். மண்ணெண்ணெய் வாடை பிரின்டிலிருந்து வரும். மூக்கில் குத்தும் காரநெடி, மீன் வாடை இரண்டும் சுருக்கம் விழாமல் இருக்கப் போடும் பிசின் பூச்சிலிருந்து வரக்கூடியவை, ஃபார்மால்டிஹைடு அந்த வகைப் பூச்சில்தான் அதிகம். ‘இஸ்திரி வேண்டாம்’, ‘கறை ஒட்டாது’, ‘கிருமி எதிர்ப்பு’ என்று பெருமையாக எழுதியிருப்பதெல்லாம் கூடுதல் ரசாயனம்தான், குழந்தை உடைக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை.

பட்டன், கயிறு, பிசிறு

துணியைப் பற்றி யோசித்து யோசித்து எடுத்துவிட்டு இதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் அதிகம். உடனடியான ஆபத்து இருப்பது இங்கேதான்.

டிச் பட்டன் ஒவ்வொன்றையும் நகத்தால் நெம்பி, சுழற்றி, பத்து விநாடி இழுத்துப் பாருங்கள். ஆடவே கூடாது. பட்டன் அடித்த இடத்தில் துணி இரண்டு அடுக்காக, நடுவே ஒரு பட்டியோடு இருக்க வேண்டும். ஒற்றைத் துணியில் அடித்தால் சில வாரத்தில் வட்டமாகக் கிழிந்து பட்டன் தனியே வந்துவிடும். நிக்கல் இல்லாத உலோகமா என்று கேளுங்கள், நிக்கல் ஒவ்வாமை தொப்புளைச் சுற்றியும் தொடையிலும் சிவப்பு வட்டமாக வரும். மணி, முத்து, ஒட்டிய பூ, தைத்த வில் முடிச்சு எதுவும் 3 வயதுக்கு முன் வேண்டாம். சிறு பாகங்களைச் சோதிக்கும் குழாயின் வாய் 31.7 மி.மீ. அதற்குள் முழுவதும் அடங்குகிற எதுவும் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது.

ஐரோப்பாவின் இ.என். 14682 தர விதி, 7 வயதுக்கு உட்பட்டவர்களின் உடையில் தலைமூடியிலும் கழுத்திலும் கயிறு கூடாது என்கிறது. ஊஞ்சல், சறுக்கு, கட்டில் கம்பி எதில் வேண்டுமானாலும் அது மாட்டி இறுக்கும். கயிறோடு வந்த சட்டை பிடித்துப்போனால் கயிற்றை முழுக்க உருவிவிட்டுப் போடுங்கள்.

ஜிப் இருந்தால் மேல் முனையைத் தாடையில் படாமல் மூடும் துணி மடிப்பு வேண்டும், உட்புறம் நெடுகவும் ஒரு பட்டி ஓட வேண்டும். இடுப்பு எலாஸ்டிக் துணிக்குள் மூடியிருக்கட்டும். கழற்றிக் கால் மணி நேரம் கழித்தும் சிவந்த தடம் மறையாவிட்டால் இறுக்கம்.

காலுறையையும் கையுறையையும் மாட்டுமுன் ஒவ்வொரு முறையும் உட்புறம் வெளியே வரத் திருப்புங்கள். தளர்ந்த ஒரு நூல் பிசிறோ, உதிர்ந்த தலைமுடியோ குழந்தையின் கால் விரலைச் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். காரணம் தெரியாமல் விடாது அழும் குழந்தையின் விரல்களை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான். பிசிறை இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள்.

அளவும் அமைப்பும்

வயதைப் பார்த்து எடுத்தால் தவறும். உயரத்தைப் பாருங்கள். செ.மீ. அளவு 50, 56, 62, 68, 74, 80, 86, 92 என்று ஆறாறாக ஏறும். 56 பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தோடு சரி, 74 ஒன்பது மாதம்வரை, 92 இரண்டு வயதை ஒட்டி. 50, 56 இரண்டிலும் அதிகம் வாங்காதீர்கள். முதல் சில வாரங்களுக்கு ஆறு முதல் எட்டு மேலுடை போதும். முன்பே சுருக்கி எடுக்காத பின்னல் துணி 5 முதல் 8 சதவீதம் நீளம் குறையும். 40 செ.மீ. நீளச் சட்டையில் 2 முதல் 3 செ.மீ. போய்விடும். சீட்டில் முன்சுருக்கம் பற்றி ஒன்றும் இல்லையென்றால் ஒரு அளவு கூட்டி எடுங்கள். துணி டயபர் கட்டும் குழந்தைக்கும் அப்படியே.

தொப்புள்கொடி உதிரும்வரை பக்கவாட்டில் திறந்து கட்டும் சட்டைதான் வசதி, தலை வழியே இழுக்க வேண்டாம். அதன் பிறகு தோளில் ஒன்றன்மேல் ஒன்று படியும் உறைக் கழுத்துச் சட்டை. டயபர் நிரம்பி வழிந்த அன்று இதன் அருமை தெரியும். தலைக்கு மேல் கொண்டுபோகாமல் தோளைத் தளர்த்தி அப்படியே கீழே உருவிவிடலாம். தையல் தட்டையாக இருக்கட்டும். முதல் மூன்று மாத உடையில் தையலும் சீட்டும் வெளிப்புறம் இருந்தால் இன்னும் நல்லது.

தவழத் தொடங்கியதும் முழங்காலில் இரட்டைத் துணி, கவட்டில் தனியாக வெட்டி இணைத்த சதுரத் துண்டு, மடித்துவிடக்கூடிய கால் பட்டி இவற்றைப் பாருங்கள். ஒன்றரை வயதுக்கு மேல் குழந்தை தானே இழுத்து இறக்கக்கூடிய எலாஸ்டிக் இடுப்பு. தோள்பட்டையோடு கொக்கி மாட்டும் உடை பார்க்க அழகு, கழிப்பறைப் பழக்கம் கற்கும் மாதங்களில் வேண்டாம்.

இரவு உடை உடலை ஒட்டி இருக்கட்டும், தொளதொளவென்று வேண்டாம். பருத்தி சீக்கிரம் தீப்பிடிக்கும், துணிக்கும் தோலுக்கும் இடையே காற்று இருந்தால் இன்னும் வேகமாக எரியும். அமெரிக்க விதியில் 9 மாத அளவுக்கு மேல் இரவு உடை தீத்தடுப்புச் சோதனையில் தேற வேண்டும், அல்லது குறிப்பிட்ட அளவில் இறுக்கமாக இருக்க வேண்டும். தீத்தடுப்பு ரசாயனம் போடாத ஆர்கானிக் இரவு உடைகள் ஒட்டினாற்போல் தைக்கப்படுவதன் காரணம் இதுதான். வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குத் தொப்பி போடாதீர்கள். சூடு அதிகமா என்று கை காலைத் தொட்டுப் பார்ப்பது சரியாக வராது, பிடரியைத் தொடுங்கள். அங்கே ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள்.

போடுமுன் துவைப்பது

எந்த முத்திரை இருந்தாலும் முதலில் துவைத்தே ஆக வேண்டும். கிடங்குத் தூசி, பூச்சின் மிச்சம், தளர்ந்த சாயம் எல்லாம் இதில் போகும். உட்புறத்தை வெளியே திருப்பி, 40 டிகிரி வெந்நீரில், மணமில்லாத திரவ சோப்பில், கூடுதலாக ஒருமுறை அலசுங்கள். ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம். அது இழைமேல் படலமாகப் படிந்து வியர்வையை உறிஞ்சவிடாது, மணமும் தோலில் தங்கும்.

காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நல்ல பருத்தி உடனே உறிஞ்சிவிடும். முத்துப்போல் நின்றால் இரண்டில் ஒன்று. துணி வழுக்கலாக இருந்தால் சிலிக்கோன் பூச்சு, அது மெதுவாகத்தான் போகும். கொஞ்சம் சொரசொரப்பாக, வெளுக்காத நிறத்தில் இருந்தால் பருத்தியின் இயற்கை மெழுகு, நான்கைந்து வெந்நீர்ச் சலவையில் விட்டுவிடும். வெளுக்காத டயபர் துணி முதல் நாள் உறிஞ்சவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் பலர். கோளாறு துணியில் இல்லை.

மலம், பால், இரத்தக் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்டால் புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும். கேரட் போன்ற ஆரஞ்சுக் கறையைத் துவைத்து ஈரத்தோடு வெயிலில் போட்டால் பெருமளவு வெளுத்துவிடும். நிறத் துணியை நிழலில் உலர்த்துங்கள். குளோரின் பிளீச் பருத்தியை நலிவடையச் செய்யும், எலாஸ்டேனை மஞ்சளாக்கும்.

தெரிந்தவர் வீட்டுக் குழந்தையிடமிருந்து வரும் பழைய பருத்தி உடைகளை ஆர்கானிக் இல்லை என்று ஒதுக்க வேண்டாம். பலமுறை துவைத்ததில் பூச்சும் தளர்ந்த சாயமும் போயிருக்கும், முத்திரையில்லாத புதுத் துணியைவிட அதுவே நல்லது. பட்டனையும் கயிற்றையும் மட்டும் மேலே சொன்னபடி சோதியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தடிப்பு வந்தால், எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். கழுத்து, இடுப்பு, மணிக்கட்டு என்று கோடாக இருந்தால் எலாஸ்டிக்கோ தையலோ. வட்டமாக இருந்தால் பட்டன். பிரின்டுக்கு நேர் கீழே என்றால் பிரின்ட். துணி படும் இடமெல்லாம் பரவலாக இருந்தால் பெரும்பாலும் சோப்பு அல்லது சரியாக அலசாதது. சாயமேற்றாத இரண்டு உடையைத் தனியாக, பாதி அளவு சோப்பில் துவைத்து இரண்டு முறை அலசி, மூன்று நான்கு நாள் அவற்றையே மாற்றி மாற்றிப் போடுங்கள். தடிப்பு தணிந்தால் மற்ற உடைகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். தணியாவிட்டாலும், நீர் கசிந்தாலும், காய்ச்சல் சேர்ந்தாலும் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அந்த உடையையும் அதன் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.